ஏசிக்கும் டிசிக்கும் நடுவுல அப்பா நிக்கிறார்



இதைப் படிக்கிற ரூமை ஒரு தடவை சுத்திப் பாருங்க. கையில போன். மேஜை மேல லேப்டாப். சுவர்ல எல்.இ.டி. லைட். மூலையில வைஃபை ரூட்டர். புது மாடல் ஃபேனா இருந்தா அதுக்குள்ள பி.எல்.டி.சி. மோட்டார். இது எல்லாமே உள்ளுக்குள்ள டிசிதான். ஆனா பிளக் பாயின்ட்ல வர்றது 230 வோல்ட் ஏசி. மொட்டை மாடியில சோலார் பேனல் இருந்தா அது தர்றதும் டிசி, பேட்டரி சேமிக்கிறதும் டிசி. ஆக, பேனல்ல பிறந்த டிசியை ஏசியா மாத்தி, வயர்ல அனுப்பி, சார்ஜர்ல திரும்ப டிசியா மாத்திக்கிட்டிருக்கோம். ஒவ்வொரு மாற்றத்துலயும் கொஞ்சம் கரண்ட் சூடாகி வீணாப் போகுது.

"அப்போ நேரா டிசியே கொடுத்துட வேண்டியதுதானே?"ன்னு உங்களுக்குத் தோணலாம். கொடுத்துப் பார்த்திருக்காங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கின 48 வோல்ட் டிசி அமைப்பு, ராஜஸ்தானோட ஜோத்பூர் பக்கத்துக் கிராம வீடுகள்ல ஓடியிருக்கு. பேனல், பேட்டரி, டிசி ஃபேன், டிசி லைட். நடுவுல இன்வெர்ட்டரே கிடையாது.

ஆனா எல்லா இடத்துலயும் இப்படி ஒரேயடியா மாற முடியாது. கிரைண்டர், தண்ணி மோட்டார், தறி, ஏற்கனவே ஊர் முழுக்க நிக்கிற டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே ஏசி உலகத்துச் சொத்து. அதனால வரப்போறது ரெண்டும் கலந்த நெட்வொர்க். ஒரு பக்கம் ஏசி பஸ், ஒரு பக்கம் டிசி பஸ், நடுவுல ரெண்டு பக்கமும் பவரை அனுப்பக்கூடிய ஒரு கன்வெர்ட்டர். இதுக்குப் பேர்தான் ஹைப்ரிட் நெட்வொர்க். இது ஆடாம அசையாம நிக்கிறதுக்கு என்ன வேணும்ங்கிறதுதான் எங்க மூணு பேரோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்.

இந்தக் கட்டுரைக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எங்க அப்பா லைன்மேன். 20 வருஷத்துக்கு மேல கம்பம் ஏறுறவர். பொங்கல் லீவுல வீட்டுக்குப் போனப்போ, பழைய காலண்டர் தாளுக்குப் பின்னாடி இந்தப் படத்தை வரைஞ்சு காட்டினேன். பொறுமையா முழுசும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது செரி கண்ணு. நாங்க லைனை ஆஃப் பண்ணிப்போட்டு மேல ஏறுனா, உன்ற டிசி கீழ சும்மா இருக்குமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா, முதல்ல இந்த நெட்வொர்க் எப்படி நிக்குது, எப்படி விழுதுன்னு பார்க்கணும். வாங்க.

சுத்துற இரும்பு

நம்ம ஏசி கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கிறதுல பெரிய பங்கு, சுத்திக்கிட்டே இருக்கிற இரும்புக்கு உண்டு. அனல் மின் நிலையத்து டர்பைனும் ஜெனரேட்டரும் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துது. திடீர்னு லோடு கூடினா, அந்த இரும்பு தன்னோட வேகத்துல கொஞ்சத்தை இழந்து அந்த எனர்ஜியைக் கொடுத்துடும். வேகம் குறைஞ்சா ஃப்ரீக்வென்சி 50ல இருந்து 49.9க்கு இறங்கும். அந்த இறக்கம்தான் செய்தி. கிரிட் முழுக்க இருக்கிற மெஷினெல்லாம் அதைப் பார்த்து, "ஓ, லோடு கூடியிருக்கு"ன்னு தானா நீராவியைக் கூட்டும். போன் வேணாம், இன்டர்நெட் வேணாம். சேமிச்ச எனர்ஜி சில விநாடிக்குத் தாங்கும். அந்தச் சில விநாடி அவகாசத்துலதான் மத்த எல்லாமே நடக்குது.

இப்போ டிசி பஸ்ஸுக்கு வாங்க. அங்க சுத்துற இரும்பு இல்லை. உடனடி சேமிப்புன்னு சொன்னா கபாசிட்டர்தான். கணக்குப் போடுவோம். 380 வோல்ட் பஸ்ல 1000 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் இருக்கு. அதுல இருக்கிற எனர்ஜி சுமார் 72 ஜூல். வோல்டேஜ் 10 சதவீதம் வரைக்கும் இறங்கலாம்னு வச்சுக்கிட்டா, அதுல நாம எடுத்துக்கக் கூடியது 14 ஜூல்கூட இல்லை. திடீர்னு 1 கிலோவாட் லோடு சேர்ந்து, வேற யாரும் கை கொடுக்கலைன்னா, அது 14 மில்லி விநாடிக்குள்ள காலி. ஏசி கிரிட் விநாடியில யோசிக்கும்போது, டிசி பஸ் மில்லி விநாடியில முடிவெடுத்தாகணும். ரெண்டையும் சேர்த்துக் கட்டும்போது வர்ற முதல் சிக்கல் இது.

ரொம்ப நல்ல பிள்ளை

ரெண்டாவது சிக்கல்தான் எனக்குப் பிடிச்சது. ஏன்னா இதுல எந்தச் சாதனத்து மேலயும் குத்தம் சொல்ல முடியாது.

48 வோல்ட் பஸ்ல 480 வாட் ஹீட்டர் காயில் போட்டா 10 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் 40க்கு இறங்கினா கரண்ட்டும் 8.3 ஆம்பியரா இறங்கும். சோர்ஸ் திணறும்போது லோடும் தன் கையைச் சுருக்கிக்கும். அதே இடத்துல நல்லா டிசைன் பண்ண ஒரு கன்வெர்ட்டர் 480 வாட் எடுத்துக்கிட்டிருக்குன்னு வைங்க. அதோட வேலை, வெளியில எது நடந்தாலும் தன்னை நம்பியிருக்கிற லோடுக்கு அதே பவரைக் கொடுக்கிறது. வோல்டேஜ் 40க்கு இறங்கினா அது 12 ஆம்பியர் இழுக்கும். சோர்ஸ் தளரத் தளர, இன்னும் அதிகமா இழுக்கும்.

இதைத்தான் புத்தகத்துல நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ்னு சொல்றாங்க. சாதாரண ரெசிஸ்டர் பஸ்ல வர்ற ஆட்டத்தை உறிஞ்சி அடக்கும். இது ஆட்டத்துக்குத் தீனி போடும்.

நீங்களே சிமுலேஷன்ல பண்ணிப் பார்க்கலாம். 48 வோல்ட் சோர்ஸ், அதோட சீரீஸ்ல 0.1 ஓம் வயரும் 100 மைக்ரோ ஹென்றி இண்டக்டரும், முனையில ஒரு கபாசிட்டர், அதுக்குப் பேரலலா 480 வாட் கான்ஸ்டன்ட் பவர் லோடு. கபாசிட்டர் எவ்வளவு இருக்கணும்? சமன்பாட்டை லீனியரைஸ் பண்ணா ஒரு நிபந்தனை கிடைக்கும்: இண்டக்டன்ஸை பவரால பெருக்கி, அதை வயர் ரெசிஸ்டன்ஸும் பஸ் வோல்டேஜோட வர்க்கமும் சேர்ந்த பெருக்குத்தொகையால வகுக்கணும். அந்த விடையை விட கபாசிட்டர் பெருசா இருக்கணும். லோடு போட்ட பிறகு பஸ் வோல்டேஜ் சுமார் 47. விடை சுமார் 217 மைக்ரோ ஃபாரட். 100 வச்சா பஸ் ஆட ஆரம்பிச்சு ஆட்டம் பெருசாகிட்டே போகும். 470 வச்சா கொஞ்ச நேரம் குலுங்கிட்டு அடங்கிடும். லோடை மட்டும் ஹீட்டர் காயிலா மாத்திப் பாருங்க, 100 வச்சாலும் அமைதியா நிக்கும்.

இனிமேதான் ட்விஸ்ட். 470 வச்சு நல்லா ஓடிக்கிட்டிருக்கு. லாஸைக் குறைக்கலாம்னு தடிமனான கேபிள் போடுறோம். 0.1 ஓம் இருந்த இடத்துல இப்போ 0.04. யாரைக் கேட்டாலும் "நல்ல காரியம்"னுதான் சொல்வாங்க. ஆனா நிபந்தனைப்படி இப்போ 530 மைக்ரோ ஃபாரட் வேணும். அதே 470ஓட பஸ் ஆட ஆரம்பிச்சுடும்! வீணாகுதுன்னு நாம நினைச்ச அந்த ரெசிஸ்டன்ஸ்தான் இவ்வளவு நேரம் ஆட்டத்தை அடக்கிக்கிட்டிருந்தது. (நிஜ கன்வெர்ட்டர் தன்னோட கன்ட்ரோல் லூப் வேகத்துக்குள்ளதான் இப்படி நடந்துக்கும். அதுக்கு மேல போனா கதை மாறும்.)

இதுக்கு வைத்தியம் உண்டு. கபாசிட்டரைப் பெருசாக்கலாம். ஒரு ரெசிஸ்டரும் பெரிய கபாசிட்டரும் சேர்ந்த கிளையைப் பக்கத்துல போடலாம். இல்லைன்னா ரெசிஸ்டரே போடாம, "ரெசிஸ்டர் இருந்தா எப்படி நடந்துப்பியோ அப்படி நட"ன்னு கன்வெர்ட்டரோட கன்ட்ரோல்ல எழுதிடலாம். சூடே ஆகாத ரெசிஸ்டர்! எந்த வழியில போனாலும் அடிப்படைப் பரிசோதனை 1976ல மிடில்புரூக் சொன்னதுதான்: சோர்ஸ் பக்கத்து இம்பீடன்ஸ், லோடு பக்கத்து இம்பீடன்ஸை விட எல்லா ஃப்ரீக்வென்சியிலும் நல்லா சின்னதா இருந்தா பயமில்லை. தனித்தனியா டெஸ்ட் பண்ணி பாஸான ரெண்டு கன்வெர்ட்டர் சேரும்போது ஆடலாம். அதனால சேர்த்து வச்சும் பார்க்கணும்.

கொஞ்சம் தாழ்ந்து போறது

அப்போ பவரைப் பகிர்ந்துக்கிறது எப்படி? ஒரு டிசி பஸ்ல ரெண்டு சோர்ஸ். ரெண்டும் "380 வோல்ட்தான் வைப்பேன்"னு அடம் பிடிக்குதுன்னு வைங்க. ஒண்ணோட சென்சார் ஒரு வோல்ட் தள்ளிக் காட்டினாக்கூடப் போதும். ஒருத்தர் தலையில மொத்த பாரமும் விழும், இன்னொருத்தர் சும்மா நிப்பார்.

இதுக்குத் தீர்வு ட்ரூப். லோடு இல்லாதப்போ 390, முழு லோடுல 370ன்னு ஒவ்வொரு சோர்ஸும் பாரம் ஏற ஏறத் தன் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கிக்கணும். பாரம் அதிகமா எடுத்தவர் தானா தாழ்வார், மத்தவர் அந்த இடத்தை நிரப்புவார். கம்யூனிகேஷன் கேபிள் அறுந்தாலும் இந்தப் பங்கீடு நடக்கும். ஏசியில ஃப்ரீக்வென்சி பண்ற வேலையை டிசியில வோல்டேஜ் பண்ணுது.

நடுவுல நிக்கிற கன்வெர்ட்டருக்கு ரெண்டு மொழியும் தெரியணும். டிசியோட அனுமதி எல்லை 370 முதல் 390. கிரிட் இல்லாம தனியா ஓடும்போது ஏசியோட எல்லை 49.5 முதல் 50.5ன்னு வச்சுக்கலாம். ரெண்டையும் –1ல இருந்து +1 வரைக்கும் ஒரே அளவுகோலா மாத்திடுவோம். இப்போ ஏசி 49.75ல இருக்கு, அதாவது –0.5. டிசி 385ல இருக்கு, அதாவது +0.5. டிசி பக்கம் தாராளம், ஏசி பக்கம் பஞ்சம். டிசியில இருந்து ஏசிக்கு பவர் போகணும், ரெண்டு எண்ணும் ஒண்ணாகுற வரைக்கும். சின்னச் சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் முன்னும் பின்னும் அலையாம இருக்க, நடுவுல கொஞ்சம் "கண்டுக்காதே" இடைவெளி விடணும்.

இதே கன்வெர்ட்டர் டிசி பக்கத்தை 380ல இறுக்கிப் பிடிச்சா, ஏசி பக்கத்துக்கு அதுவே நாம மேல பார்த்த "நல்ல பிள்ளை" லோடு ஆகிடும். இறுக்கம் கூடக் கூட ஸ்திரத்தன்மை கூடும்னு நினைக்கிறது இயல்பு. இங்க அது பல நேரம் நேர்மாறா நடக்குது.

நிஜத்துல நடந்தது

இதெல்லாம் சிமுலேஷன் கதைதானேன்னு கேட்டா, இங்கிலாந்துக்குப் போவோம். 2019 ஆகஸ்ட் 9, சாயங்கால நேரம். ஒரு லைன்ல மின்னல் விழுந்தது. சுமார் 20 நொடியில லைன் பழைய நிலைக்கு வந்துடுச்சு. ஆனா ஹார்ன்சீ கடல் காற்றாலையோட கன்ட்ரோல் அந்தச் சின்ன வோல்டேஜ் குலுக்கல்ல ஆட ஆரம்பிச்சு, 737 மெகாவாட் ஒரேயடியா கழண்டுச்சு. அதே நேரத்துல ஒரு கேஸ் மின் நிலையமும் நின்னுச்சு. ஃப்ரீக்வென்சி 48.8க்கு இறங்கிச்சு. சுமார் 11 லட்சம் இணைப்புகளுக்கு கரண்ட் போச்சு. ரயிலுக்கு சப்ளை போகலை. ஆனாலும் ஒரு வகை ரயில்கள் ஃப்ரீக்வென்சி 49க்குக் கீழ போனதைப் பார்த்து தங்களைத் தாங்களே ஆஃப் பண்ணிக்கிச்சு. அதுல பலதை டிரைவரால ரீஸ்டார்ட் பண்ண முடியாம, டெக்னீஷியன் வர்ற வரைக்கும் பயணிகள் நடுவழியில காத்திருந்தாங்க. ஒவ்வொரு சாதனமும் தன்னைக் காப்பாத்திக்கத்தான் பார்த்தது.

இன்னொண்ணு நம்ம நாட்டுக் கதை. 2012 ஜூலை 30, 31. வடக்கு கிரிட் ரெண்டு நாளும் விழுந்தது. ரெண்டாவது நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழ, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழுற பகுதிகள் இருட்டாச்சு. தெற்கு கிரிட் விழலை. ஏன்னா அப்போ தெற்கு, மத்த கிரிட்களோட டிசி லிங்க் வழியாத்தான் இணைஞ்சிருந்தது. அந்தப் பக்கம் ஃப்ரீக்வென்சி தடுமாறினாலும் அந்தத் தடுமாற்றம் டிசியைத் தாண்டி அப்படியே வராது. 2013 டிசம்பர் 31ல ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்த பிறகுதான் தெற்கும் ஏசியில ஒண்ணா சுத்த ஆரம்பிச்சது. இப்போ அதோட கூடவே ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் டிசி லைனும் 6000 மெகாவாட் கொண்டு வருது. ஒண்ணா சுத்தினா பலம் பகிரலாம். டிசியால பிரிச்சா நோய் பரவாது. எங்க சேர்க்கணும், எங்க பிரிக்கணும்ங்கிறது டிசைன் பண்றவங்க எடுக்கிற முடிவு.

அப்பாவோட கேள்வி

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். வீட்டு மாடி சோலாரை ஒரு கோடி வீடுகளுக்குக் கொண்டுபோறதா 2024ல மத்திய அரசு திட்டம் அறிவிச்சிருக்கு. ஒவ்வொரு கூரையும் ஒரு குட்டி மின் நிலையம். அப்பா சர்வீஸ்ல சேர்ந்த காலத்துல கரண்ட் மேல இருந்து கீழ வரும். மேல ஏபி சுவிட்சைத் திறந்தா கீழ லைன் டெட். இனி கீழ இருந்தும் வரலாம்.

அதுக்காகத்தான் கிரிட்டோட இணைஞ்ச இன்வெர்ட்டர்ல ஒரு விதி இருக்கு. கிரிட் போயிட்டா 2 விநாடிக்குள்ள அதுவும் விலகணும்னு ஐ.இ.இ.இ. 1547 தரநிலை சொல்லுது. கிரிட் போனதை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? பல இன்வெர்ட்டர்கள் வேணும்னே ஃப்ரீக்வென்சியை லேசா ஒரு பக்கமா இழுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கும். பெரிய கிரிட் இருந்தா அது அசையாது. கிரிட் இல்லைன்னா அசையும். அசைஞ்சா இன்னும் பலமா இழுக்கும். கொஞ்ச நேரத்துல எல்லை தாண்டி ட்ரிப் ஆகிடும். கவனிச்சீங்களா? உயிரைக் காப்பாத்த, வேணும்னே உள்ள வச்ச ஒரு நிலையின்மை இது.

இப்போ எங்க ப்ராஜெக்ட்டைப் பாருங்க. ட்ரூப் போடுறோம், ஆட்டத்தை அடக்குறோம், பேட்டரி வச்சு சுத்துற இரும்பு மாதிரி நடிக்க வைக்கிறோம். கிரிட் போனாலும் அசையாம நிக்கிற நெட்வொர்க்கைத்தான் நாங்க கட்டுறோம். கிரிட் போன நொடியில அந்தத் தெருவோட சோலாரும் லோடும் தற்செயலா சமமா இருந்துட்டா, வோல்டேஜும் மாறாது, ஃப்ரீக்வென்சியும் மாறாது. இன்வெர்ட்டர் இழுத்துப் பார்த்தாலும் எங்க கன்ட்ரோல் அதை அடக்கிடும். எங்க வேலை எவ்வளவு நல்லா நடக்குதோ, கம்பத்து மேல இருக்கிறவருக்கு அவ்வளவு ஆபத்து.

இது தெரிஞ்ச பிறகு நாங்க ப்ராஜெக்ட்டோட வரிசையையே வேற மாதிரி வச்சுக்கிட்டோம். கிரிட்டும் நம்ம நெட்வொர்க்கும் சேர்ற இடத்துல ஒரு எல்லை சுவிட்ச். அது மூடியிருக்கிற வரைக்கும் நம்ம நெட்வொர்க் கிரிட்டைப் பின்தொடரணும், தனியா நின்னு தாங்க முயற்சி பண்ணக் கூடாது. கிரிட் போனா முதல் வேலை சுவிட்சைத் திறக்கிறது. திறந்துடுச்சுன்னு உறுதியான பிறகுதான் உள்ள இருக்கிற கன்வெர்ட்டர் தானே தலைமை எடுத்து லைட்டை எரிய வைக்கணும். லோக்கல் அளவீட்டை மட்டும் நம்பாம, சப்ஸ்டேஷன்ல பிரேக்கர் திறந்தா அந்தத் தகவலும் நேரா வரணும். அதுக்கு மேல, கண்ணால பார்த்து, பூட்டுப் போட்டு சாவியை ஜோபியில வச்சுக்கிற மாதிரி ஒரு ஐசொலேட்டர் வேணும். டிசி பக்கத்துல இதுக்குத் தனி கவனம் வேணும். ஏசி கரண்ட் விநாடிக்கு 100 தடவை ஜீரோவைத் தொடுறதால ஆர்க் அணைய ஒரு வாய்ப்பு கிடைக்கும். டிசியில அந்த ஜீரோ வரவே வராது. ஏசி சுவிட்சை எடுத்து டிசியில மாட்டிட முடியாது.

போன்ல இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். ரெண்டு விநாடிக் கணக்கைக் கேட்டுட்டு சொன்னார்: "உன்ற மெஷின் ரெண்டு செகண்டோ ரெண்டு நாளோ எடுத்துக்கட்டும் சாமி. நான் எல்சி வாங்கி, டெஸ்ட் பண்ணி, ரெண்டு பக்கமும் எர்த் ராடு போடாம கை வெக்க மாட்டேன்." அவர் சொல்றதுல முழு இன்ஜினியரிங்கும் இருக்கு. எர்த் ராடு போட்ட லைன்ல கீழ இருந்து யார் கரண்ட் அனுப்பினாலும் அது ஷார்ட் ஆகி, அனுப்பினவங்கதான் ட்ரிப் ஆவாங்க. எங்க கன்ட்ரோல் எவ்வளவு புத்திசாலியா இருந்தாலும் அந்த ராடோட இடத்தைப் பிடிக்கக் கூடாதுன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கோம்.

ஜூனியர்ஸ், அடுத்த செமஸ்டர்ல நீங்க ப்ராஜெக்ட் தலைப்பு தேடுவீங்க. மைக்ரோகிரிட், பேட்டரி, ஈ.வி. சார்ஜர்னு எதை எடுத்தாலும் "எவ்வளவு நேரம் விழாம நிக்கும்?"னு ரிவ்யூல கேட்பாங்க. அதுக்குப் பதில் தயார் பண்ணுங்க. கூடவே "எப்போ விழணும், யாருக்காக விழணும்?"ங்கிறதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க. 48 வோல்ட், 480 வாட் சிமுலேஷனை இன்னைக்கு ராத்திரியே ஓட்டிப் பாருங்க. 0.04 ஓம்ல ஆடுற பஸ்ஸை எந்த வழியில அடக்கினீங்கன்னு அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. எங்க மூணு பேருக்கும் மூணு வேற வேற விடை வந்திருக்கு, இன்னும் சண்டை முடியலை.